கண்ணை மூடாத பெட்டி

இறந்தவர்கள் சனிக்கிழமைகளில் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை பேசுவார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கு ஓய்வு. டயர் கடைக்கு மேலே இருந்த மாடிக் கூடத்தில்தான் பேசுவார்கள். வேறு எங்கே கூப்பிட்டாலும் வருவதில்லை. உயிரோடு இருந்தபோது ஊர் ஊராகச் சுற்றியவர்களும், செத்த பிறகு அந்த ஒரு மாடிக்கு மட்டும் வழி தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஏழு மணிக்கே வரிசை மாடிப்படியில் ஆரம்பித்து, டயர் கடையைத் தாண்டி, மருந்துக்கடை வாசல் வரை வளைந்து நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொருள். செத்தவருடைய சீப்பு, சட்டை, பேனா, பல் செட். ஒருவர் முழு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா உட்கார்ந்த நாற்காலியாம். "பெட்டி இழுப்பறைக்குள்ள போகாதே" என்றார்கள். ஒரு காலை மட்டும் கழற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்.

இத்தனைக்கும் காரணம் ஒளியார். அது பட்டம். யார் கொடுத்தது என்று கேட்டால், ஒளி கொடுத்தது என்பார். முன்பு வீடுகளுக்கு அழைப்பு மணி பொருத்திக்கொண்டிருந்தவர். வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, கையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அடுத்தவர் துக்கத்துக்கு அவர்களுக்கு முன்பே அழத் தெரிந்தவர். கட்டணம் கிடையாது, அன்பளிப்பு மட்டும்தான். அன்பளிப்புக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு.

மேஜைமேல் ஒரு மரப்பெட்டி. அதன் முகப்பில் மூன்று விளக்குகள், கீழே ஓர் இழுப்பறை. சிவப்பு என்றால் வேண்டாம். மஞ்சள் என்றால் பொறு. பச்சை என்றால் சரி. எழுபது வருடம் வாய் மூடாமல் பேசியவர்களுக்கும் மேலே போன பிறகு இந்த மூன்று சொற்கள்தான் மிச்சம்.

முறை இதுதான். பொருளை இழுப்பறைக்குள் வைக்க வேண்டும். கேள்வியைச் சத்தமாகக் கேட்க வேண்டும். பிறகு கூடத்தில் இருக்கும் எல்லோரும் கண்ணை இறுக மூட வேண்டும். "ஆன்மா கூச்ச சுபாவம். பார்த்துட்டே இருந்தா வராது" என்பார் ஒளியார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மச்சான் மணி அடிப்பார். கண்ணைத் திறந்தால் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அழுகை. பிறகு மச்சான் விளக்குகள்மேல் ஒரு கறுப்புத் திரையை இழுத்துவிடுவார். அடுத்த ஆள்.

விளக்கைப் பார்க்க வந்த முந்நூறு பேர், விளக்கு எரியப்போகும் நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். இது அங்கே யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

எனக்கு இந்த விவகாரம் தெரிந்தது அலமாரியைத் திறந்தபோது. என் மனைவியின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், தூசிக்கு நடுவே இரண்டு சுத்தமான வட்டங்கள்.

"அத்தை, கண்ணாடி எங்கே?"

என் மாமியார் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. "என் பையில இருக்கு, மாப்பிள்ளை."

"எதுக்கு?"

"அவகிட்ட ஒண்ணு கேக்க வேண்டியிருந்தது. கேட்டுட்டேன்."

அவள் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் போனாள். சின்ன விஷயம் என்றார்கள். நான்காம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் இறந்தாள். அதிலிருந்து அத்தை என்னோடுதான் இருந்தார். அவர் சமைத்தார், நான் சாப்பிட்டேன். அதற்குமேல் பேச எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

இப்போது அத்தையின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. இரண்டு படி ஏறினால் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிடுவார். மாற்றினால் பல வருடம் இருக்கலாம், மாற்றாவிட்டால் ஒரு வருடம்கூட உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். தேதியும் கொடுத்தார். அத்தை அந்தத் தேதியில் போகவில்லை. கேட்டதற்கு, மனசு சரியில்லை என்றார். காரணம் இப்போதுதான் வெளியே வந்தது.

"ஆபரேஷனுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். சிவப்பு எரிஞ்சுது. வேண்டாம்னுட்டா."

"யாரு?"

"உங்க பொண்டாட்டிதான். வேற யாரு?" மூச்சு வாங்கியது. "அவளுக்குத் தெரியாதா? அவ அனுபவிச்சவ."

டாக்டர் இரண்டாவது தேதி கொடுத்திருந்தார். பதினேழு நாள் இருந்தது. அதையும் விட்டால் பட்டியலில் கடைசிக்குப் போய்விடுவோம்.

நான் வேலை பார்ப்பது பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில். அங்கே இருக்கும் இயந்திரங்கள் என்னைவிட வயதில் மூத்தவை. கணினியோடு பேசத் தெரியாதவை. அவற்றுக்குத் தெரிந்த ஒரே மொழி, தலைக்குமேல் கம்பத்தில் இருக்கும் மூன்று விளக்குகள். பச்சை என்றால் ஓடுகிறது, மஞ்சள் என்றால் சும்மா நிற்கிறது, சிவப்பு என்றால் கோளாறு. இயந்திரத்தைப் பிரிக்காமல், ஒரு கம்பியைக்கூட தொடாமல், நாள் முழுக்க எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது என்று தெரிய வேண்டும். அதுதான் என் வேலை.

ஒவ்வொரு விளக்கின்மேலும் பயறு அளவு சென்சார் ஒன்றைக் கறுப்பு டேப்பால் ஒட்டுவேன். வெளிச்சம் பட்டால் அதற்குத் தெரியும். மூன்றிலிருந்தும் கம்பி வந்து ஒரு மைக்ரோகண்ட்ரோலரில் சேரும். தீப்பெட்டிக்குள் அடங்கும் கணினி அது. எந்த விளக்கு எரிகிறது, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி என்று எழுதிக்கொண்டே இருக்கும். டீ குடிக்கப் போகாது. யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. "காலையிலேர்ந்து நிக்காம ஓடிச்சு சார்" என்று போர்மேன் அடித்துச் சொன்ன நாளில், நான்கு மணி நேரம் மஞ்சள் எரிந்ததாக அது எழுதியது. போர்மேன் இன்றுவரை எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

இதை அத்தை தன் பாணியில் வரிசையில் நின்றவர்களிடம் பெருமையடித்திருக்கிறார். "எங்க மாப்பிள்ளை செய்யுற டப்பா, எந்த விளக்கு எரியுதுன்னு தானே பார்த்துச் சொல்லும்." அது ஒளியார் காதுக்குப் போனது. ஒளியார் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கூட்டம் பெருகிப் போச்சு" என்றார், கைக்குட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. "பின்னால நிக்கிறவங்களுக்கு விளக்கு தெரியலை. என்ன கலர், என்ன கலர்னு கேட்டு ஒரே இரைச்சல். உங்க டப்பா சத்தமா சொல்லுமா?"

"ஒரு ஸ்பீக்கர் வைச்சா சொல்லும்."

"பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தா சக்தி போயிடும்."

"திறக்க வேண்டாம். வெளியிலேருந்தே பார்க்கும்."

"கம்பி எதுவும் உள்ள போகக் கூடாது."

"போகாது."

அவர் முகம் மலர்ந்தது. விஞ்ஞானமும் ஆன்மிகமும் கைகோத்ததாக வாசலில் எழுதி வைக்கச் சொன்னார் மச்சானிடம். அப்படியே எழுதினார்கள். வரிசை மருந்துக்கடையைத் தாண்டிவிட்டது.

முதல் சனிக்கிழமை சோதனை. பார்க்கும், பேசாது என்று சொல்லித்தான் பொருத்தினேன். மூன்று விளக்கின் ஓரத்திலும் மூன்று சென்சார். யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன், மரியாதைக்கு.

பன்னிரண்டரைக்கு டப்பா எழுதியதை எடுத்துப் பார்த்தேன். அன்று முப்பத்தொரு பேர் கேள்வி கேட்டிருந்தார்கள். மணி அடிக்கும்போது பதினான்கு பேருக்குப் பச்சை. அந்தப் பதினான்கிலும், பச்சைக்கு ஒரு நொடி முன்னால் மஞ்சள் எரிந்திருந்தது. மஞ்சளுக்கு ஒரு நொடி முன்னால் சிவப்பு. ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. செத்தவர்கள் அத்தனை பேரும் முதலில் வேண்டாம் என்று சொல்லி, பொறு என்று திருத்தி, அதன் பிறகுதான் சரி என்றிருக்கிறார்கள். மஞ்சள் கிடைத்தவர்களுக்கு முன்னால் சிவப்பு. சிவப்பு கிடைத்தவர்களுக்கு முன்னால் எதுவும் இல்லை. ஆனால் பின்னால் இருந்தது. அவர்கள் அழுதுகொண்டு படியிறங்கிய பிறகு, கறுப்புத் திரைக்கு உள்ளே அவர்களுக்கும் மஞ்சள் எரிந்து, பச்சை எரிந்து, அணைந்திருந்தது. பார்க்க ஆள் இல்லாதபோது மேலுலகம் எல்லோருக்கும் சம்மதம் கொடுத்துவிடுகிறது.

ஒரே பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் சிவப்பு. இன்னொரு தடவை, மஞ்சள். மூன்றாவது, பச்சை. நான்காவது, அணையும். அழைப்பு மணிக்காரர் சிக்கனமாகச் செய்திருக்கிறார். பொத்தான் எங்கே என்றுதான் தெரியவில்லை. முந்நூறு பேர் ஏன் கண்ணை மூட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

அந்தத் தாளை அத்தையிடம் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்கத் தெரிந்தவர், அஞ்சலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். படித்து முடித்து, தாளை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"யோசிச்சிருப்பாங்க, மாப்பிள்ளை."

"யாரு?"

"மேல இருக்கறவங்கதான். எடுத்த எடுப்பிலே சொல்லிடுவாங்களா? வேண்டாமா, பொறுக்கச் சொல்லலாமான்னு மூணையும் போட்டுப் பார்த்துதான் முடிவு பண்ணுவாங்க."

பதினான்கு பேரும் ஒரே வரிசையிலா, ஒரே வேகத்திலா என்று கேட்டேன். மேலே ஒரு ஒழுங்கு இருக்கும் என்றார். வரிசையில் நின்றவர்களுக்கு முப்பது வருடம் தபால்தலை விற்றவரிடம் இதற்குமேல் என்ன பேசுவது?

"சரி. வர்ற சனிக்கிழமை இன்னொரு தடவை கேளுங்க அத்தை. என் முன்னால. மறுபடி சிவப்பு எரிஞ்சா, நான் ஆபரேஷன் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

டாக்டர் கொடுத்த தேதி அதற்கு அடுத்த புதன்கிழமை.

டப்பாவுக்குக் குரல் வேண்டியிருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நானே பேசிப் பதிவு செய்தேன். "கொஞ்சம் உணர்ச்சியோட சொல்லக் கூடாதா?" என்றார் அத்தை. என்னிடம் இருந்த குரல் அதுதான்.

இரண்டாவது சனிக்கிழமை. கூடத்தில் நிற்க இடமில்லை. ஒளியார் எழுந்து, "இன்னையிலேர்ந்து விளக்கு தன்னைத்தானே அறிவிக்கும்" என்றார். கைதட்டல். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிப் பழகிய மனுஷர், டப்பாவும் கூடவே மூடிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார். மணி அடித்த பிறகு பேச வேண்டும் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் எப்போது எரிகிறதோ, அப்போது டப்பா எழுதும். இங்கே அப்போதே பேசும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் ஆள் ஒரு தையல்காரர். செத்துப்போன அண்ணனுடைய இன்ச் டேப்பை இழுப்பறைக்குள் வைத்தார்.

"அண்ணே, கடையைப் பெரிய தெருவுக்கு மாத்தலாமா?"

முந்நூறு ஜோடிக் கண்கள் மூடின. கீழே டயர் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம்.

"சிவப்பு" என்றது டப்பா.

தையல்காரர் விம்மினார்.

"மஞ்சள்."

விம்மல் நின்றது.

"பச்சை."

மச்சான் பழக்க தோஷத்தில் மணியை அடித்தார். அதற்குள் எல்லாக் கண்ணும் திறந்துவிட்டது.

"என்னங்க இது, அண்ணன் வேண்டாங்கிறாரா, சரிங்கிறாரா?" தையல்காரர் பெட்டியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "உயிரோட இருந்தப்ப இப்படித்தான் மாத்தி மாத்திப் பேசுவாரு. இப்பவுமா?"

பின்வரிசையில் சிரிப்பு. ஒளியார் கண்ணை மூடி, கையை உயர்த்தினார். "மூணு ஆன்மா ஒரே நேரத்துல வந்திருக்கு. மேல நெரிசல்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. மேலேயும் வரிசைதான் என்று கேட்டதில் பலருக்கு ஆறுதல். ஒருவர், "டோக்கன் போட்டா சரியாயிடும்" என்று யோசனைகூடச் சொன்னார். நம்ப வேண்டும் என்று முடிவெடுத்து வந்தவனுக்குக் காரணம் கிடைப்பது கஷ்டமே இல்லை.

நான் எழுந்தேன். "சின்ன சோதனை ஒண்ணு. யாரும் கேள்வி கேட்க வேண்டாம், யாரும் கண்ணை மூட வேண்டாம். ஐயா ரெண்டு கையையும் தலைமேல வைச்சுக்கட்டும். ரெண்டே நிமிஷம். ஆன்மா வருதான்னு பார்ப்போம்."

"பார்த்தா வராதுன்னு சொல்லியிருக்கேனே தம்பி."

"பார்க்கலைன்னா மூணு பேர் வராங்க. பார்த்தா ஒருத்தர்கூடவா வர மாட்டாங்க?"

"உனக்கு நம்பிக்கை இல்லை. பொண்டாட்டி செத்தும் உனக்குப் புத்தி வரலை." அவர் குரல் கெட்டியானது. "அந்த அம்மா பாவம். இப்படி ஒரு மாப்பிள்ளை."

கூடம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அடிக்கலாமா என்று சிலர் யோசிப்பது தெரிந்தது. அப்போது முன்வரிசையில் அத்தை எழுந்தார். மேஜை ஆறு அடி தூரம். நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். கையில் மூக்குக்கண்ணாடி.

"ஐயா, அழுகையா வருது. அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் கொடுங்க."

"அம்மா, உட்காருங்க. மச்சான், அம்மாவுக்குத் தண்ணி."

"தண்ணி வேண்டாம். கைக்குட்டை போதும். மஞ்சள்னு சத்தம் கேட்டதும் நான் கண்ணைத் திறந்துட்டேன். பச்சைன்னு கேக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால, அந்தக் கைக்குட்டைக்குள்ள உங்க கட்டைவிரல் ஒரு தடவை அமுங்கிச்சு."

நான் பார்க்காததை அவர் பார்த்திருந்தார். எந்த டப்பாவும் எழுதாததை.

ஒளியார் கையைப் பின்னால் கொண்டு போனார். பின்னால் தையல்காரர் நின்றார். நாள் முழுக்கத் துணியைப் பிடித்து இழுக்கிற கை. கைக்குட்டை வந்துவிட்டது. அதன் மடிப்புக்குள் கார் கதவைத் திறக்க உதவுவதுபோல் ஒரு சின்ன ரிமோட். ஒரே பொத்தான்.

அத்தை அதை வாங்கினார். அமுக்கினார்.

"சிவப்பு" என்றது டப்பா.

அமுக்கினார். "மஞ்சள்." அமுக்கினார். "பச்சை." இன்னொரு தடவை. விளக்கு அணைந்தது, டப்பா வாயை மூடிக்கொண்டது. நானூறு கிலோமீட்டர் பயணம் செய்து அப்பாவிடம் பேச வந்த ஒருவர், கையில் நாற்காலிக் காலோடு வாயைப் பிளந்து நின்றார்.

அத்தை ஒளியாரைப் பார்த்தார். "போன மாசம் நான் ஆபரேஷனுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். என் மக வேண்டாம்னா. அது ஒரு அமுக்கு. அப்படித்தானே?"

ஒளியார் மச்சானைப் பார்த்தார், மச்சான் கதவைப் பார்த்தார்.

"மூணு தடவை அமுக்க அலுப்பா இருந்துதா?"

"அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான்..." ஒளியாரின் நெற்றியில் வேர்வை. துடைக்கக் கைக்குட்டை இல்லை. "போகச் சொல்லி, போன இடத்துல உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? என் பேரு கெட்டுப் போகாதா? போகாம வீட்டுல செத்தா என்னை யாரும் கேக்க மாட்டாங்களே!"

அந்தக் கூடத்தில் அவர் பேசிய ஒரே உண்மை அது.

அதன் பிறகு நடந்தது எல்லா இடத்திலும் நடப்பதுதான். மணி மச்சான் தலையில் ஒலித்தது. நாற்காலிக் காலுக்கு ஒரு உபயோகம் வந்தது. மரப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு பேட்டரியும் நிறைய தூசியும். சக்தி எதுவும் வெளியே போனதாகத் தெரியவில்லை. போலீஸ் வந்து இருவரையும் பத்திரமாக அழைத்துப்போனது.

எல்லோரும் தெளிந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். படியிறங்கும்போது ஒரு அம்மா பக்கத்தில் வந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இந்த ஒளியார்தான் போலி. அசல் ஒருத்தர் எங்கேயோ இருப்பார்." ஒளியாரும் மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டார். ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில், தண்ணீர்க் குவளையை வைத்துப் பதில் சொல்கிறாராம். விளக்கையெல்லாம் நம்பக் கூடாது என்று அவரே எச்சரிக்கிறாராம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மூக்குக்கண்ணாடியை அலமாரியில் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். பதினோரு மாதத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மகள் இவ்வளவு நாளும் ஒரு விளக்குத் தூரத்தில் இருந்தாள். இன்றுதான் அவருக்கு இறந்துபோனாள்.

அழுது முடித்து, "அவ ஒண்ணும் சொல்லலை. அப்படித்தானே?" என்றார்.

"ஆமா அத்தை."

"அப்ப நான்தான் சொல்லணும்."

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். உள்ளே நுழைந்ததும் அத்தை கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க. பிழைப்பேனா?"

டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க வயசுல நூறு பேருக்குச் செய்தா, தொண்ணூத்தாறு பேர் நல்லபடியா வீட்டுக்குப் போறாங்க. நாலு பேருக்குச் சிக்கலாகுது. நீங்க எதுலன்னு என்னால சொல்ல முடியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாதும்மா."

அத்தை என் பக்கம் திரும்பினார். "தெரியாதுன்னு சொல்றவரை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்குமேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். மாடிக் கூடத்துக் கூட்டத்தில் இருந்தவராம்.

"தம்பி, சிவப்பு எரியுதே. கெட்டதாச்சே?"

"உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்மா. அவ்வளவுதான்."

அவருக்கு அது போதவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலேகால் மணி நேரம் எரிந்தது. அணைந்தது. டாக்டர் வெளியே வந்தார். முகமூடி பதிந்த தடம் கன்னத்தில். சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார்.

"நல்லா முடிஞ்சுது. சாயங்காலம் பார்க்கலாம்."

அவர் போனதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். "பார்த்தீங்களா தம்பி? உங்க பொண்டாட்டிதான் மேலேருந்து காப்பாத்தியிருக்கா."

"அவ நூலகத்துல வேலை பார்த்தாம்மா" என்றேன். "ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுந்துடுவா. காப்பாத்தினவர் இப்பதான் கால் வலியோட உங்களைத் தாண்டிப் போனாரு. ஓடிப் போய் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க. செத்தவங்களுக்கு அது தேவையில்லை."